விழுந்த வாட்சுக்குச் சாவி கொடுக்காதீர்கள்: ஜனதாவுடன் 11 வருடம்

அப்பாவின் எச்எம்டி ஜனதா வாட்சை 11 வருடமாகக் கட்டுகிறேன். தினமும் காலையில் சாவி கொடுத்தால் போதும், வேலூர் வெயிலில் வியர்வை ஊறிப்போகும் ஸ்டிராப்பை மட்டும் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். இரண்டு முறை கீழே போட்டிருக்கிறேன்.

முதல் முறை சத்துவாச்சாரி வீட்டில், பீரோ மேலிருந்து மொசைக் தரையில். கண்ணாடி உடையவில்லை, முள்ளும் ஓடுகிறது, அப்பாடா என்று கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். மதியம் பார்த்தால் முக்கால் மணி நேரம் முன்னால் ஓடியிருக்கிறது. காதில் வைத்தேன். நொடிக்கு 5 தடவை அடிக்கிற வாட்ச், அந்தச் சத்தம் எனக்கு மனப்பாடம்; அன்று ஓடிவந்த ஆள் மூச்சு வாங்குகிற மாதிரி அடித்தது. லாங் பஜார் பக்கம் ஒரு பெரியவர் பின்மூடியைத் திறந்து, லென்ஸைக் கொடுத்து என்னையே பார்க்கச் சொன்னார். இங்கும் அங்கும் ஆடி நேரத்தைக் காக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் மெல்லிய சுருள் கம்பிதான் ஹேர் ஸ்பிரிங்; அதில் இரண்டு சுற்று ஒன்றோடொன்று சிக்கியிருந்தது. சிக்கினால் ஸ்பிரிங் நீளம் குறைந்த கணக்கு, சக்கரம் சீக்கிரம் சீக்கிரம் திரும்பும், அதுதான் அந்த வேகம். ஊசியால் நிதானமாக விடுவித்தார், பத்து நிமிட வேலை.

இரண்டாவது முறை காட்பாடி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில். நின்றேவிட்டது. பதற்றத்தில் சாவி கொடுத்தேன், உதறினேன், நாலு நொடி ஓடி மறுபடி நின்றது. அதே பெரியவரிடம் போனால், "நின்னுபோச்சுன்னா உதறக் கூடாது தம்பி, உடைஞ்ச அச்சு கல்லைத் தேய்ச்சிடும்" என்றார். பேலன்ஸ் சக்கரத்து அச்சின் நுனி முறிந்திருந்தது, முடி போன்ற நுனி அது. டயலில் பாராஷாக், அதாவது அதிர்ச்சி தாங்கும் என்று போட்டிருக்கிறதே என்று கேட்டேன். அச்சைத் தாங்கும் கல் ஒரு சின்ன ஸ்பிரிங்கின் பிடியில் இருக்கும், அடிபட்டால் கொஞ்சம் விலகிக் கொடுக்கும், அவ்வளவுதானாம். அதிர்ச்சி தாங்கும் வாட்சுக்கான ஐஎஸ்ஓ 1413 சோதனையே 1 மீட்டர் உயரத்திலிருந்து மரப்பலகையில் விழுகிற அடிக்குத்தான். கருங்கல் தரைக்கு அந்தக் கணக்கு ஓடாது. ஓடாத பழைய ஜனதா ஒன்றைத் தேடிப்பிடித்து, அதிலிருந்த சக்கரத்தை மாற்றிக் கொடுக்க மூன்று வாரம் ஆயிற்று.

இப்போது யாராவது வாட்ச் விழுந்துவிட்டது என்று கேட்டால் இதைத்தான் சொல்கிறேன். நின்றிருந்தால் தொடாமல் துணியில் சுற்றிக் கடைக்கு எடுத்துப் போங்கள். ஓடினால் போன் நேரத்தோடு ஒரு நாள் முழுக்க ஒப்பிடுங்கள், பாதி நாள் டயல் மேலே பார்க்க, பாதி நாள் கவிழ்த்து. இரண்டுக்கும் நிமிடக் கணக்கில் வித்தியாசம் வந்தால் அச்சில் அடி இருக்கலாம், திறந்து பார்க்கத்தான் வேண்டும். கண்ணாடி விரிசல் விட்டிருந்தால் முள்ளைத் திருப்பவே வேண்டாம், தூள் உள்ளே போய் டயலைக் கீறும்.

என்னுடையது இப்போது நாளுக்கு அரை நிமிடம் முன்னால் போகிறது. கழற்றினால் கட்டில் மேல்தான் வைக்கிறேன்.