சிம்ப்சன்ஸ்ல மேகி பிறந்த கதை: கடைசி சில நொடிக்காகவே பாக்கணும்

சிம்ப்சன்ஸ்ங்கற அமெரிக்க கார்ட்டூன் சீரியல்ல எத முதல்ல பாக்கலாம்னு கேட்டா நிறைய பேர் மோனோரயில் எபிசோடத்தான் சொல்வாங்க. அது செம காமெடி, சந்தேகமே இல்ல. ஆனா நான் எப்பவும் சொல்றது ஆறாவது சீசனோட 13வது எபிசோடு, 'அண்ட் மேகி மேக்ஸ் த்ரீ'. 1995 ஜனவரி 22ல ஃபாக்ஸ் சேனல்ல வந்தது, எழுதினது ஜெனிஃபர் கிரிட்டெண்டன். இருவது நிமிஷத்துக்கு கொஞ்சம் கூட ஓடும், அவ்ளோதான். குடும்பத்துக்காக வேலைக்குப் போற ஒரு மனுஷன பத்தி இவ்ளோ சின்ன நேரத்துல இவ்ளோ ஆழமா சொன்ன கார்ட்டூன் வேற நான் பாத்ததில்ல.

கடைசி காட்சிய சொல்லாம இத பத்தி பேசவே முடியாது. அதனால பாக்காதவங்க இங்கயே நிறுத்திட்டு முதல்ல பாத்துட்டு வந்துடுங்க, நெஜமாவே சொல்றேன்.

ஆரம்பம் ரொம்ப சாதாரணமா இருக்கும். சிம்ப்சன் குடும்பம் மொத்தமும் டிவி முன்னாடி உக்காந்து துப்பறியற பேசும் படகு ஒண்ண பத்தின சீரியல் பாத்துட்டு இருக்காங்க, அம்மா மார்ஜ் டிவிய ஆஃப் பண்ணிட்டு ஃபோட்டோ ஆல்பத்த எடுக்கறா. புரட்டிட்டே வரும்போது மூத்த பசங்க பார்ட்டும் லிசாவும் கேக்கறாங்க, கடைக்குட்டி மேகியோட குழந்தை ஃபோட்டோ மட்டும் ஏன் ஒண்ணு கூட இல்ல? இந்த கேள்விய நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க, ஏன்னா எபிசோடு அத கேட்டுட்டு அப்படியே விட்டுடும். ஃபிளாஷ்பேக் ஆரம்பிச்சு காமெடி மேல காமெடியா வந்து நம்மளே அந்த கேள்விய மறந்துடுவோம், அந்த மறதிய வச்சுத்தான் மொத்த எழுத்தும் கட்டியிருக்காங்க.

ஃபிளாஷ்பேக் 1993ல. அப்பா ஹோமர் அணுமின் நிலையத்துல பிடிக்காத வேலைய பாத்துட்டு இருக்கான், ஒரு நாள் கையில வந்த சம்பள செக்கோட கடன் மொத்தமும் அடைஞ்சிடுது. உடனே முதலாளி பர்ன்ஸோட மொட்டை மண்டைய மேளம் மாதிரி தட்டி வாசிச்சு, இனி திரும்பி வரவே மாட்டேன்னு காட்டறதுக்கு போற வழியில ஒரு பாலத்தையும் கொளுத்திட்டு வேலைய விட்டு கிளம்பறான். எங்க போறான்னா அவனோட கனவு வேலைக்கு, அதாவது ஊர்ல இருக்கற, பந்த உருட்டி கட்டைய சாய்க்கற பவுலிங் சென்டர்ல ஒரு வேலை. சம்பளம் கம்மி, ஆனா நாலு பேர் குடும்பத்த இழுத்துப் பிடிச்சு ஓட்டிடலாம்.

எனக்கு இதுல ரொம்ப பிடிச்சதே அந்த கனவோட அளவுதான். பணக்காரன் ஆகணும், பேரும் புகழும் வேணும்னு எல்லாம் அவன் கேக்கல, ஷூ குடுத்து வாங்கிக்கிட்டு பந்து உருளுற சத்தத்த கேட்டுட்டே இருந்தா போதும்னு நினைக்கறான். இவ்ளோ சின்ன ஆசை கூட கட்டுப்படி ஆகாம போகும்போதுதான் நமக்கு வலிக்குது. பெரிய கனவா இருந்திருந்தா 'சரி, எல்லாருக்குமா கிடைக்கும்'னு தேத்திக்கிட்டு போயிருப்போம்.

வேலைய விட்ட சந்தோஷத்துலயே மார்ஜ் முழுகாம ஆயிடறா. அவனோட சந்தோஷத்த கெடுக்க மனசு வராம அவ சொல்லவே இல்ல, அவளோட அக்காங்க பாட்டியும் (Patty) செல்மாவும் ஹோமர்கிட்ட மட்டும் சொல்லாம ஊர் முழுக்க பரப்பிடறாங்க. வர்றவன் போறவன் எல்லாம் ஹோமருக்கு வாழ்த்து சொல்றான், அவன் பாட்டுக்கு புது வேலைக்குத்தான் வாழ்த்தறாங்கன்னு நினைச்சுக்கிட்டு நன்றி சொல்லிட்டு திரியறான். வீட்ல பேபி ஷவரே நடக்குது, அப்பவும் புரியல. காமெடியா பாத்தா எபிசோட்ல டாப் இடம் இதுதான், ஆனா ரெண்டாவது தடவ பாக்கும்போது வேற ஒண்ணு தெரியும், அந்த கொஞ்ச காலம்தான் அவன் வாழ்க்கையிலயே முழு சந்தோஷமா இருந்த காலம், அதுக்கு தேதி குறிச்சாச்சுன்னு ஊருக்கே தெரியும், அவனுக்கு மட்டும்தான் தெரியாது.

விஷயம் தெரிஞ்சதும் தலையில மிச்சம் இருக்கற முடிய பிச்சுக்கிட்டு கத்தறான். அதுக்கப்புறம் ஓனர்கிட்ட சம்பளம் கூட கேக்கறான், அங்க அவ்ளோ வருமானம் இல்ல. ஆளுங்கள வரவைக்கறேன்னு வாசல்ல நின்னு வானத்த பாத்து துப்பாக்கியால சுடற சீன் ஒண்ணு வரும், அது மட்டும் எனக்கு ஒட்டல, அதுவரைக்கும் வந்த காமெடி எல்லாம் கதையிலேர்ந்து தானா முளைச்ச மாதிரி இருக்கும், இது மட்டும் வெளியிலேர்ந்து கொண்டு வந்து வச்ச மாதிரி இருக்கு.

அப்புறம் மறுபடியும் அணுமின் நிலையம். பழைய வேலைய கெஞ்சி கேக்க வர்றவங்களுக்குன்னே அங்க ஒரு குட்டிக் கதவு, அது வழியா அவன் முட்டி போட்டு தவழ்ந்துதான் உள்ள போகணும். பர்ன்ஸ் வேலைய குடுக்கறார், கூடவே ஹோமரோட மேஜைக்கு நேர் எதிர்ல ஒரு போர்டயும் மாட்ட வைக்கறார். 'டோன்ட் ஃபர்கெட்: யூ ஆர் ஹியர் ஃபாரெவர்'. மறந்துடாத, நீ இங்கதான், காலத்துக்கும்.

இந்த இடத்துல கொஞ்சம் நின்னு யோசிச்சு பாருங்க. குடும்ப சிட்காம், அதாவது வாரா வாரம் வர்ற காமெடி சீரியல்னாலே ஒரு சட்டம் இருக்கு, வாரா வாரம் என்ன நடந்தாலும் கடைசியில எல்லாம் பழைய இடத்துக்கே வந்துடணும், அப்பதான் அடுத்த வாரம் கதை ஓடும். ஹோமர் எத்தனையோ எபிசோட்ல வேற வேற வேலைக்குப் போயிருக்கான், ஒவ்வொரு தடவையும் அணுமின் நிலையத்துல அவனோட பிரிவான செக்டர் 7ஜிக்கே திரும்பி வந்துடுவான், நாமளும் ஏன்னு கேக்க மாட்டோம். இந்த எபிசோடு அந்த சட்டத்தையே எடுத்து ஒரு மனுஷனோட தலையெழுத்தா மாத்துது. அந்த போர்டு சொல்றது வேலைய பத்தி மட்டும் இல்ல, ஒரு சிட்காம் கேரக்டரோட நிலைமையே அதான். 1989 டிசம்பர்ல தனி சீரிஸா ஆரம்பிச்ச ஷோ, முப்பது வருஷத்துக்கு மேல ஆகியும் அவன் அதே நாற்காலியிலதான் உக்காந்திருக்கான். ஆனா இத பாத்த பிறகு அந்த நாற்காலியில அவன் தூங்கி வழியறத பாத்தா சோம்பேறின்னு மட்டும் நினைக்க எனக்கு மனசு வராது.

பிரசவ சீன்ல ஹோமர் உற்சாகமே இல்லாம நிக்கறான். குழந்தை பிறந்து அவன் விரல பிடிக்குது. அவ்ளோதான், மொத்தமா கரைஞ்சிடறான். இதுல உடனே ஒரு காமெடியும் வச்சிருக்காங்க, தொப்புள் கொடிய பாத்துட்டு ஆம்பள புள்ளன்னு துள்ளுவான், டாக்டர் திருத்துவார். நாம அழுதுடுவோமோன்னு நினைக்கற இடத்துல சிரிக்க வச்சு, அப்பாடான்னு இருக்கும்போது கடைசி அடிய வைக்கறாங்க.

கதை நிகழ்காலத்துக்கு வந்து, பசங்க மறுபடியும் கேக்கறாங்க, சரி ஃபோட்டோ எல்லாம் எங்க? எனக்கு தெம்பு எங்க ரொம்ப தேவையோ அங்க வச்சிருக்கேன்னு ஹோமர் சொல்றான். கட் பண்ணா அவனோட மேஜை. எதிர் சுவர்ல அந்த போர்ட சுத்தி, போர்டு மேல, மேகியோட ஃபோட்டோவா ஒட்டி வச்சிருக்கான், மறைஞ்ச எழுத்து போக மிச்சம் தெரியறது 'டூ இட் ஃபார் ஹர்', அவளுக்காக செய். வசனம் இல்ல, யாரும் விளக்கம் சொல்லல, எபிசோடு முடிஞ்சுது.

அவன் அந்த போர்ட கழட்டி எறியல பாருங்க, அதான் எனக்கு பெரிய விஷயம். கழட்டற அதிகாரம் அவனுக்கு இல்ல, வேலையும் மாறல, முதலாளியும் மாறல. அவனால முடிஞ்சது எதிர்ல இருக்கற சொல்ல மாத்தறது மட்டும்தான், அத செஞ்சுட்டான். இவ்ளோ நேர்மையா ஒரு முடிவ எழுதறது கஷ்டம், அன்பு இருந்தா எல்லாம் சரியாயிடும்னு பொய் சொல்லாம, சரியாகலன்னாலும் ஒருத்தன் தினமும் வேலைக்குப் போக ஒரு காரணம் இருக்குன்னு மட்டும் சொல்லுது.

குறைன்னு சொன்னா மார்ஜ் விஷயத்துல எனக்கு பெரிய வருத்தம் உண்டு. வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு அத தனியா சுமந்தவ அவதான், மூணாவது குழந்தை வர்றத பத்தி அவ என்ன நினைச்சா, பயந்தாளா, அவளுக்குன்னு இருந்த திட்டம் எதாவது கலைஞ்சுதா, எதையும் எபிசோடு கேக்கவே இல்ல. மார்ஜுக்கு குரல் குடுக்கற ஜூலி காவ்னரோட குரல்ல அந்த தயக்கம் தெரியுது, எழுத்துல அதுக்கு இடம் குடுக்கல. அவளுக்கு ஒரே ஒரு சீன் ஒதுக்கியிருந்தா இன்னும் ஒரு படி மேல போயிருக்கும்.

பாக்கறதா இருந்தா ஒரு வழி சொல்றேன், இதுக்கு முன்னாடி 'லிசாஸ் ஃபர்ஸ்ட் வேர்ட்' பாத்துடுங்க, நாலாவது சீசன் 10வது எபிசோடு, 1992 டிசம்பர்ல வந்தது. அதோட முடிவுல ஹோமர் மேகிய தூங்க வச்சுட்டு லைட்ட அணைச்சு கதவ சாத்திட்டுப் போன பிறகு அவ வாயிலேர்ந்து சூப்பற ரப்பர எடுத்துட்டு முதல் தடவையா 'டாடி'ன்னு சொல்லுவா, குரல் குடுத்தது எலிசபெத் டெய்லர். அது அவன் காதுல விழாது. இங்க அவன் அவளுக்காக என்ன பண்ணி வச்சிருக்கான்னு அவளுக்குத் தெரியாது. ரெண்டையும் ஒரே ராத்திரியில அடுத்தடுத்து பாருங்க, தனித்தனியா பாத்தத விட ரெண்டுமே பெருசா தெரியும்.

என்னோட மார்க் பத்துக்கு ஒம்பதரை, அந்த அரை மார்க் மார்ஜுக்காக கழிச்சது.