லென்ஸா, லேண்டிங் சிக்னல் ஆபீசரா?

அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலில் இறங்க வரும் பைலட்டுக்கு இரண்டு துணைகள் உண்டு. ஒன்று, தளத்தின் இடது ஓரத்தில் இருக்கும் ஃபிரெனெல் லென்ஸ் என்ற வழிகாட்டும் விளக்குக் கருவி. பச்சை விளக்கு வரிசைக்கு நேராக மஞ்சள் ஒளி தெரிந்தால் இறங்கும் சரிவு சரி. ஒளி மேலே போனால் விமானம் உயரத்தில் இருக்கிறது. ரொம்பத் தாழ்ந்துவிட்டால் சிவப்பாகிவிடும். 1950-களில் பிரிட்டிஷ் கடற்படை கொண்டுவந்த, ஒளியைப் பிரதிபலிக்கும் கண்ணாடி முறையின் வாரிசு இது. இரவிலும் துல்லியமாக வழிகாட்டும்.

மற்றவர் தள ஓரத்தில் நிற்கும் லேண்டிங் சிக்னல் ஆபீசர். அவரும் பைலட்தான். என்னைக் கேட்டால் உயிர்காப்பதில் இவருக்கே முதலிடம். விமானம் இப்போது எங்கே இருக்கிறது என்பதை மட்டும்தான் லென்ஸ் காட்டும்; அடுத்த நொடி எங்கே போகும் என்பதை இவர் இன்ஜின் சத்தத்திலும் மூக்கின் சாய்விலும் முன்கூட்டியே பிடித்துவிடுவார். சக்கரமும், தளத்தின் கம்பியைப் பிடித்து விமானத்தை நிறுத்தும் கொக்கியும் இறங்கியிருக்கின்றனவா, தளம் காலியா என்பதெல்லாம் லென்ஸுக்குத் தெரியாது. கையிலுள்ள பட்டனை இவர் அழுத்தினால் சிவப்பு விளக்குகள் மின்னும். பைலட் மறுபேச்சில்லாமல் மேலெழும்பியாக வேண்டும்.

லென்ஸ் பழுதானாலோ, கப்பலின் ஆட்டத்தை அதனால் ஈடுகட்ட முடியாவிட்டாலோ, ‘மோவ்லாஸ்’ என்ற மாற்றுக் கருவி வரும். அதில் ஒளியை ஏற்றி இறக்குவதும் இந்த ஆபீசரின் கைதான்.