"ஒரு ரூபா வட்டி"ன்னு வண்டி லோன் குடுக்குறாங்களா? கையெழுத்துக்கு முன்னாடி இதை படிங்க

எண்ணெய் கடை டெலிவரிக்கு 2023 ஜூன்ல செகண்ட் ஹேண்ட் குட்டியானை எடுத்தேன், ஃபைனான்ஸ் 3 லட்சம், 36 மாசம். "நூத்துக்கு ஒரு ரூபா வட்டிதாண்ணே, மாசம் 11,333 ட்யூ"ன்னாரு ஏஜென்ட். ஊர்ல ரெண்டு ரூபா வட்டிக்கு வாங்கி பழகுன எனக்கு அது சல்லிசா தெரிஞ்சுது, காட்டுன எடத்துல எல்லாம் கையெழுத்து போட்டேன்.

ஒரு மாசம் கூட தவறாம 18 ட்யூ கட்டியாச்சு, பாதி முடிஞ்சுது, அசல் ஒன்றரை லட்சம்தான் நிக்கும், சீட்டு எடுத்த பணத்துல க்ளோஸ் பண்ணிடலாம்னு 2024 டிசம்பர்ல போனா அசல் பாக்கியே 1,73,000 சொச்சம்னு சொல்றாங்க, அதுமேல முன்கூட்டியே முடிக்கிறதுக்கு 4 பர்சன்ட் ஃபோர்க்ளோஷர் சார்ஜ், அந்த சார்ஜுக்கு ஜிஎஸ்டி வேற. வயிறு எரிஞ்சுது.

மூணு தடவை அலைஞ்சு, ஒவ்வொரு ட்யூலயும் அசல் எவ்ளோ வட்டி எவ்ளோன்னு போட்ட ஷெட்யூல் ஷீட்டை வாங்கி ஆடிட்டர் ஆபீஸ்ல காட்டுனேன். முதல் வரியிலயே அந்த பொண்ணு விரல் வெச்சு காட்டுச்சு: 11,333ல வட்டி 5,300 கிட்ட, அசலுக்கு போனது 6,030 தான். ஒரு ரூபா வட்டின்னா 3 லட்சத்துக்கு முதல் மாசம் 3,000 தானே வரணும்? ஊர்ல அசல்ல பாதி திருப்பி குடுத்தா வட்டியும் பாதியாகும், இவங்க 36 மாசமும் முழு 3 லட்சத்துக்கும் வட்டி போட்டு 1,08,000 சேர்த்து ட்யூவா பிரிச்சிருக்காங்க. இதுதான் ஃப்ளாட் ரேட். குறையுற அசலுக்கு கணக்கு பண்ணா மாசம் ஒண்ணே முக்கா ரூபா வட்டி, வருஷத்துக்கு 21 பர்சன்ட். நிஜமாவே ஒரு ரூபா வட்டி, அதாவது வருஷத்துக்கு 12 பர்சன்ட்னா ட்யூ 9,964, மொத்த வட்டி 59,000 கூட வராது. நான் கட்டுன 2,04,000ல 77,000க்கு மேல வட்டிக்கே போயிருக்கு, ஏன்னா அந்த 1,08,000 வட்டியை மாசாமாசம் சமமா பிரிக்காம, அசல் பெருசா இருக்குற முன் மாசங்கள்லதான் அதிகமா எடுக்குறாங்க.

ட்யூ முழுசையும் செலவுன்னு கடை நோட்டுல எழுதிட்டு இருந்தேன், அதுவும் தப்பாம். வட்டி மட்டும்தான் செலவு, அசல் கடன்ல கழியணும், வண்டியோட மதிப்பு குறையுற தேய்மானத்தை தனியா செலவுல எழுதணும்.

2024 அக்டோபர் 1லிருந்து புதுசா குடுக்குற வண்டி லோன், சின்ன தொழில் லோனுக்கெல்லாம் கேஎஃப்எஸ் (கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்)னு லோனோட முக்கிய விவரம் போட்ட ஒரு பேப்பர் குடுத்தே ஆகணும்னு ரிசர்வ் பேங்க் சொல்லிருக்கு, நமக்கு புரியுற மொழியில. அதுல சார்ஜ் எல்லாம் சேர்த்த ஏபிஆர், அதாவது வருஷத்துக்கு நிஜமா ஆகுற வட்டி பர்சன்ட் இருக்கும், மாசாமாசம் அசல் எவ்ளோ வட்டி எவ்ளோன்னு ஷெட்யூலும் இருக்கும். ஏஜென்ட் வாயால சொல்ற ரேட்டை விட்டுட்டு அந்த ஏபிஆரை பாருங்க. பிரச்சனைன்னா முதல்ல கம்பெனிக்கு எழுத்துல குடுங்க, 30 நாள்ல பதில் இல்லன்னா ரிசர்வ் பேங்கோட குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனுக்கு புகார் போடலாம், விவரம் கேக்க 14448.