ஒரு ஆட்டம், ஒரே ஆள்: யோகிச்சா, கர்ரியா?

ஒரு கூடைப்பந்து ஆட்டம் முழுக்க ஒருவரை மட்டும் கவனிப்பதென்றால் யாரை? என் ஓட்டு அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் ஆடும் டென்வர் அணியின் நிகோலா யோகிச்சுக்குத்தான். அணிகள் புது வீரர்களை வரிசையாக எடுக்கும் 2014 தேர்வில் 41ஆவதாக எடுக்கப்பட்டவர். 2023இல் அணிக்குப் பட்டம் வாங்கித் தந்தார். வேகம் குறைவு, அதுதான் நமக்கு வசதி. பந்தோடு நிற்பார். சக வீரர் ஜமால் மர்ரி அவரை உரசியபடி ஓடுவார். தடுப்பவர்கள் இருவரும் மர்ரியின் பின்னால் போனால், யோகிச் நேராகக் கூடைக்கு. இருவரும் இவர் மீது பாய்ந்தால், கூடையடியில் நுழையும் இன்னொரு சக வீரர் ஆரன் கார்டனுக்குப் பந்து. எதிராளி எடை எந்தக் காலில் இருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவெடுக்கிறாரோ என்று தோன்றும்.

கோல்டன் ஸ்டேட் அணியின் ஸ்டீபன் கர்ரி அப்படியே எதிர். பந்தைச் சக வீரர் டிரேமண்ட் கிரீனிடம் கொடுத்த பிறகுதான் அவர் வேலையே தொடங்கும். ஓடுவார், திரும்புவார், சட்டென்று நிற்பார். பயந்துபோய் எதிரணியில் இரண்டு பேர் அவரோடு ஓட, கூடையடியில் கர்ரியின் அணிக்காரர் ஒருவர் தடுக்க ஆளில்லாமல் நிற்பார். சிக்கல் என்னவென்றால் டிவி கேமரா பந்தைத்தான் துரத்தும், கர்ரியின் பாதி முடிவுகள் திரைக்கு வெளியே நடந்துவிடும். அரங்கில் டிக்கெட் கிடைத்தால் கர்ரி. சோபாவில் என்றால், சரி, யோகிச்தான்.