கடைக் குத்தகைப் புதுப்பிப்பில் ‘பாக்ட்’ நடுவர் சேவை: ஒரு மதிப்பீடு

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கடைக் குத்தகையைப் புதுப்பிக்கும்போது வாடகைப் பேச்சு முறிந்துவிட்டால், கவுண்டி நீதிமன்ற விசாரணையைத் தவிர வேறு வழியில்லை என்றே நம்மவர் பலர் எண்ணுகின்றனர். ஆர்.ஐ.சி.எஸ். என்ற பட்டயச் சர்வேயர் அமைப்பும் லா சொசைட்டியும் இணைந்து 1997இல் தொடங்கிய, நீதிபதிக்குப் பதிலாக நடுவரோ நிபுணரோ முடிவு சொல்லும் ‘பாக்ட்’ (PACT) திட்டம் இதற்கு மாற்றாக உள்ளது. லண்டனில் எங்கள் பலசரக்குக் கடையின் வாடகைத் தகராற்றை இவ்வழியில் தீர்த்துக்கொண்டோம்; நிறைவான அனுபவம்.

இதன் பெரும் பலம், தீர்ப்பளிப்பவர் துறை அறிந்தவர் என்பதே. கடையின் முன்பகுதியில் முதல் 20 அடியை முழு மதிப்பிலும் அடுத்த 20 அடியைப் பாதி மதிப்பிலும் கணக்கிடும் ‘ஸோன்’ முறையைச் சர்வேயர் ஒருவருக்கு விளக்க வேண்டியதில்லை. வணிகக் குத்தகைப் புதுப்பிப்பை ஒழுங்குபடுத்தும் 1954ஆம் ஆண்டு நில உரிமையாளர்–குத்தகையாளர் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, நாம் உழைத்துச் சேர்த்த வாடிக்கையாளர் மதிப்பையும், ஒப்பந்தக் கட்டாயமின்றி நம் செலவில் செய்த மேம்பாடுகளையும் காட்டி வாடகையை உயர்த்த முடியாது. எங்கள் நடுவர் அவற்றைக் கவனமாக ஒதுக்கியதோடு, உரிமையாளர் தரப்பு ஒப்பீடாகக் காட்டிய கடைகளில் எதை ஏற்றார், எதை ஏன் விலக்கினார் என்பதையும் எழுதித் தந்தார். அந்தத் தெளிவு எனக்கு மிகவும் பிடித்தது.

நடுவரா, சுயாதீன நிபுணரா என்பதை இரு தரப்பும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். நடுவர் 1996ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்புச் சட்டத்தின்கீழ், தரப்புகள் முன்வைக்கும் சான்றுகளைக் கொண்டு தீர்ப்பளிப்பார். தோற்றவர் மற்றவரின் செலவையும் ஏற்க நேரலாம். நிபுணரோ தாமே விசாரித்து முடிவெடுக்கலாம். சர்வேயரை அமர்த்தி வாதாட வசதியில்லாத சிறு கடைக்கு நிபுணரே பொருத்தம் என்பது என் கருத்து.

குறைகளும் உண்டு. உரிமையாளர் இசையாவிட்டால் இச்சேவையை நாட முடியாது. தீர்ப்பளிப்பவரின் கட்டணத்தைத் தரப்புகளே செலுத்த வேண்டும். மேல்முறையீட்டுக்கான வாய்ப்பும் குறுகியது. கட்டடத்தை இடித்துக் கட்டப்போவதாகவோ தாமே அங்கு தொழில் செய்யப்போவதாகவோ கூறி உரிமையாளர் புதுப்பிக்கவே மறுத்தால், அது நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டிய விடயம்; வாடகை, குத்தகைக் காலம், நிபந்தனைகள் போன்றவற்றுக்கே பாக்ட் ஏற்றது.

பாக்ட் பேச்சு நடக்கிறது என்பதற்காக, குத்தகையை முடிக்க உரிமையாளர் அதே 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அனுப்பும் 25ஆம் பிரிவு அறிவித்தலில் குறித்த நாள் தள்ளிப்போகாது. அதற்குள் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கவோ, கால நீட்டிப்பை எழுத்தில் பெறவோ தவறினால் புதுப்பிக்கும் உரிமையே பறிபோகும் என்பதால், அறிவித்தல் கிடைத்தவுடனே சட்டத்தரணியைச் சந்தியுங்கள்.