வயரா, வயர்லெஸ்ஸா? பூச்சு வேலைக்கு முன்பே முடிவு செய்யுங்கள்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் புது வீடு கட்டுகிறவர்களில் பலருக்கும் ஹாலில் பெரிய டிவி, மாடியில் இன்னொன்று, சிட்-அவுட்டில் பாட்டு என்று ஆசை இருக்கிறது. ஆனால் அந்தப் பேச்சை பெயின்ட் அடிக்கும்போதுதான் எடுக்கிறார்கள். சுவர் எழும்பி, பூச்சு தொடங்காமல் இருக்கிறதே, அந்தச் சில நாட்களில் பேசியிருக்க வேண்டிய விஷயம் இது.

ஏற்கெனவே கட்டி முடித்த வீடு என்றால் வயர்லெஸ்தான் சரி. சுவரை உடைக்க வேண்டாம், போனிலிருந்தே எந்த அறையிலும் பாட்டுப் போடலாம். ஆனால் வயர்லெஸ் ஸ்பீக்கருக்கும் பெரும்பாலும் பிளக் பாயிண்ட் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வை-ஃபை கான்கிரீட் தளத்தைத் தாண்டும்போது ரொம்பவே பலவீனமாகிவிடும். கீழே ஒரு ரௌட்டரை வைத்துக்கொண்டு மாடிக்கும் கிடைக்கும் என்று நம்ப முடியாது. மாடியில் இன்னொரு ரௌட்டர் வைத்தாலும், இரண்டையும் கேட்6 எனப்படும் நெட்வொர்க் கேபிளால் இணைத்தால்தான் வேகம் குறையாது. ஆக, நல்ல வயர்லெஸ்ஸுக்கும் சுவருக்குள் ஒரு வயர் தேவைப்படுகிறது. டிவியோடு புளூடூத் ஸ்பீக்கரை இணைத்தால், வாய் அசைந்த பிறகு குரல் கேட்கும் தொல்லையும் வரலாம்.

ஆயுளையும் பாருங்கள். 2020 மே மாதத்தோடு, வயர்லெஸ் ஸ்பீக்கர் தயாரிக்கும் சோனோஸ் நிறுவனம் தன் பழைய மாடல்கள் சிலவற்றுக்குப் புதிய மென்பொருள் வசதிகள் தருவதை நிறுத்தியது. வயரில் ஓடும் சாதாரண ஸ்பீக்கருக்கு அந்தக் கவலை இல்லை. ஆம்ப்ளிஃபயரை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஏறக்குறைய 15 மீட்டர் வரை 16 கேஜ் வயர் போதும், தூரம் கூடினால் அதைவிடத் தடிமனான 14 கேஜ்.

வயர் வாங்கும்போதுதான் அதிகக் கவனம் வேண்டும். விலை மலிவாகக் கிடைப்பதில் பல, அலுமினியத்துக்கு மேலே செம்பு பூசியவை. ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். குளச்சல், முட்டம், மணக்குடி போல உப்புக்காற்று அடிக்கும் இடங்களில் அதன் முனை சீக்கிரம் அரித்துப்போகும். சுத்தச் செம்பே வாங்குங்கள். சிட்-அவுட் ஸ்பீக்கரில் அதிர்ந்து ஒலி எழுப்பும் கோன் காகிதத்தால் ஆனதாக இருக்க வேண்டாம், ஆண்டில் இரண்டு பருவமழை பெய்யும் ஊர் இது. கூரைக்குள் பதிக்கும் ஸ்பீக்கர் ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர்களுக்கு மட்டும்தான். வெறும் கான்கிரீட் கூரைக்குச் சுவரில் மாட்டுவதே நல்லது.

படத்துக்கு, டிவிக்குப் படமும் ஒலியும் கொண்டுவரும் எச்டிஎம்ஐ கேபிளைச் சுவரில் புதைப்பதை நான் ஏற்கவே மாட்டேன். 2002இல் வந்த எச்டிஎம்ஐ, 2017இல் நொடிக்கு 48 கிகாபிட் வேகத்துக்குப் போய்விட்டது. புதைத்த கேபிள் பழசாகும், நீளம் கூடினால் 4கே படமும் விட்டுவிட்டு வரும். ஒவ்வொரு டிவிக்கும் கேட்6 கொடுத்து, அந்தந்த இடத்திலேயே ஸ்ட்ரீமிங் பெட்டி வையுங்கள். 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட் தாராளமாகப் போகும். புரொஜெக்டர் வைப்பதாக இருந்தால் மட்டும் எச்டிஎம்ஐ கேபிளை இழுக்க 40 மில்லிமீட்டர் பைப், அதுவும் எல்போ இல்லாமல் நீண்ட வளைவாகப் போட வேண்டும். 25 மில்லிமீட்டர் பைப்பின் வளைவில் எச்டிஎம்ஐ பிளக்கின் தலை சிக்கிக்கொள்ளும்.

என் தேர்வு இரண்டும் கலந்தது. டிவி இருக்கும் இடம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேட்6, மாடிக்கு மாடி ரௌட்டருக்கு ஒன்று, ஹாலுக்கும் சிட்-அவுட்டுக்கும் ஸ்பீக்கர் வயர். மற்ற அறைகளுக்கு வயர்லெஸ் போதும். கரண்ட் வயர் போகும் பைப்பில் இவற்றை நுழைக்க விடாதீர்கள். ஒரு அடியாவது தள்ளிப் போகட்டும், குறுக்கிடும் இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும். பக்கத்தில் தனிக்கட்டடம் இருந்தால் அங்கே செம்புக் கேபிள் வேண்டாம், ஒளியிழை கேபிளான ஃபைபர் இழுங்கள். ஐப்பசி இடி மின்னலில் செம்பு வழியாக ஒரு கட்டடத்தின் பாதிப்பு அடுத்ததற்கும் போகும்.

அப்புறம், பூச்சுக்கு ஆள் வருவதற்கு முன் ஒவ்வொரு சுவரிலும் அளவு டேப்பை விரித்துப் பிடித்து, பைப் போகும் வழி தெரிய போட்டோ எடுத்து வையுங்கள். டிவி ஸ்டாண்டுக்கு டிரில் போட வருகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.