மரண நிதி தர்றோம்னு சங்கம் பேரைச் சொல்லி யாராச்சும் வந்தா, பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

6,240 சிங்கப்பூர் வெள்ளி. மாசம் 40 வெள்ளி வீதம் 13 வருஷம், எங்கப்பா டாக்சி ஓட்டிக் கட்டுன காசு. அவரை மண்டாய் தகனச்சாலைக்குக் கொண்டுபோய் ரெண்டு வாரம்கூட ஆகல. 10,000 வெள்ளி தர்றோம்னு சொன்ன சங்கம் கொடுத்தது ஒரு ரோஜா மாலை, "அனுதாபத் தொகை"ன்னு பேனாவுல எழுதுன உறையில 500 வெள்ளி. கொதிப்பு அடங்குறதுக்குள்ள எழுதுறேன். என்னென்ன பார்க்கணும்னு கடைசியில விவரமாச் சொல்றேன்.

பேரைப் போடல. நம்மாளுங்க நடத்துற, உறுப்பினர் இறந்தா குடும்பத்துக்குப் பணம் தர்ற வகைச் சங்கம். அது போதும்.

சேர்க்க வந்தவர் அப்பாவுக்குக் கோயில்ல பழக்கம். ஈசூன் வீட்டுல அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடிச்சுக்கிட்டே, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு சான்றிதழை எடுத்து மேசையில வச்சார். "அண்ணே, அரசாங்கத்துல பதிஞ்ச சங்கம். கம்பெனிக்காரன் லாபம் பார்ப்பான், இது நமக்குள்ள நாமளே போட்டு எடுத்துக்கிறது. அமெரிக்காவுல நூறு வருஷத்துக்கு மேல இப்படித்தான் நடக்குது." அப்பா அந்தத் தாளைத் தடவிப் பார்த்துட்டு, அம்மாகிட்ட பர்ஸை எடுத்துவரச் சொன்னார்.

அமெரிக்காவுல இருக்குதான். ஆனா அங்கே அந்தச் சங்கங்கள் மாநிலக் காப்புறுதித் துறைக்குக் கணக்குக் காட்டணும், கொடுத்த வாக்குக்கு ஏத்த கையிருப்பு வைக்கணும். அதைச் சேர்க்க வந்த அண்ணன் சொல்லல.

அந்தச் சான்றிதழ் இருக்கே, அது சங்கங்களின் பதிவகம் கொடுத்தது. பொங்கல் விழா நடத்துற சங்கத்துக்கும் அதே தாள்தான். சந்தா வாங்கி, உறுப்பினரோட நோய்க்கும் சாவுக்கும் பணம் கொடுக்கிற பரஸ்பர நல அமைப்புகளுக்கு இங்கே 1960லேர்ந்து தனிச் சட்டம் இருக்கு, அதுக்குக் கீழ தனியாப் பதியணும். இவங்க பதியவே இல்ல. காப்புறுதி நிறுவனம்னா, நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கிற சிங்கப்பூர் நாணய ஆணையத்தோட (MAS) உரிமம் வேணும். அப்படி உரிமம் உள்ள ஆயுள் காப்புறுதி நிறுவனம் நொடிச்சுப்போனாலும், பாலிசிதாரர் பாதுகாப்புத் திட்டத்துல மரணத் தொகைக்கு 500,000 வெள்ளி வரைக்கும் பாதுகாப்பு உண்டு. அப்பாவோட 6,240 வெள்ளிக்கு ஊதா மை முத்திரை குத்துன ரசீதுப் புத்தகம்தான். அதுலயும் "சந்தா"ன்னு மட்டும் எழுதியிருக்கு. எதுக்கான சந்தா, எவ்வளவு திரும்ப வரும், ஒரு வரி கிடையாது.

அப்புறம் ஆரம்பிச்சுது அலைக்கழிப்பு. பொருளாளர்: "கமிட்டி மாறிடுச்சும்மா, பழைய கணக்கு எங்ககிட்ட இல்ல." செயலாளர்: "தலைவர் ஊருக்குப் போயிருக்கார், வரட்டும்." தலைவருக்கு வாட்ஸ்அப் அனுப்புனா நீல டிக் விழுது, பதில் மட்டும் வரல. விடாம நச்சரிச்ச பிறகு, யாரும் அதுவரைக்கும் கண்ணுல காட்டாத விதிப் புத்தகத்தை நீட்டுறாங்க: நிதி இருப்பைப் பொறுத்துத்தான் உதவித்தொகையாம்! இருப்பு எவ்வளவுன்னு கேட்டேன். "அதெல்லாம் பொதுக்கூட்டத்துலதான் சொல்லுவோம்." பொதுக்கூட்டம் எப்போ? "தலைவர் வரட்டும்."

சேர்த்துவிட்ட அண்ணன் மட்டும் ஃபோனை எடுத்தார். "நானும் கட்டியிருக்கேன் தங்கச்சி, நான் என்ன பண்றது"ன்னார். 13 வருஷம் வசூல் பண்ணவர் பேசுற பேச்சா இது?

சரி, விவரமாச் சொல்றேன்னேன். சங்கச் சான்றிதழைப் பார்த்து ஏமாறாதீங்க. நாணய ஆணையத்தோட இணையப் பட்டியல்ல பேர் இருக்கான்னு தேடுங்க. இல்லன்னா, பரஸ்பர நல அமைப்பாப் பதிஞ்சிருக்கான்னு பதிவகத்துல கேளுங்க. தொகையை எழுத்துல வாங்குங்க. விதிப் புத்தகத்தைச் சேர்றதுக்கு முன்னாடியே கேளுங்க. வயசான அப்பா அம்மா வீட்டுல எந்த ரசீதுப் புத்தகம் இருக்குன்னு இன்னிக்கே பாருங்க. இதுக்கு மேல எழுதப் பொறுமை இல்ல. 6,240 வெள்ளிக்கான ரசீது முழுசையும் நகல் எடுக்கணும், போலீஸ்ல கேக்குறாங்க. அதே சங்கத்துல கட்டுனவங்க யாராச்சும் இருந்தா எனக்குத் தனியா எழுதுங்க, சேர்ந்தே புகார் கொடுப்போம்.